அறுபத்திரண்டு ரூபாய் மாத்திரையும் ஊரப்பாக்கத்துத் தனக்கோடியும்

2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், மழை விட்டும் தூவானம் விடாத ஒரு முற்பகலில், தனக்கோடி முதன்முறையாக ஜெயஸ்ரீயின் மருந்துக்கடைப் படியேறினார். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய அந்தக் கடைக்கு, ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலேறி வந்திருந்தார். தம் ஊரிலிருந்த மருந்துக்கடைகள் ஒன்றிலும் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே விலையைச் சொன்னார்களாம்.

"பத்து மாத்திர எவ்ளோம்மா?"

"அறுநூத்தி இருபதுக்கா. அதுல பத்து பர்சன்ட் குறைச்சுத் தரேன்."

"ஒண்ணு அறுவத்திரெண்டு ரூபாயா? உள்ள இன்னா, தங்கமா கீது?"

"கம்பெனி ரேட்டுக்கா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப வேற கம்பெனி குடு."

"வேற கம்பெனியே இல்லக்கா. கண்டுபிடிச்சவங்களுக்கு மட்டுந்தான் உரிமை. இன்னும் ரெண்டரை வருஷத்துக்கு வேற யாரும் இதைச் செய்யக்கூடாது."

இதே விளக்கத்தை ஜெயஸ்ரீ பலருக்கும் அளித்திருக்கிறாள். கேட்டவர்கள் கம்பெனியைச் சபிப்பார்கள். சிலர் அவளையே சபிப்பார்கள். தனக்கோடியோ தலையை மெல்ல அசைத்து, ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் கைவேலையை மெச்சும் தோரணையில், "கெட்டிக்காரன்" என்றார்.

அந்த மெச்சுதலுக்குக் காரணம் இருந்தது. ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்கு எதிரே தனக்கோடி குடும்பத்துக்கு இரண்டு கிரவுண்டு நிலம் மிஞ்சியிருந்தது. அதில் அவர் இருசக்கர வண்டிகள் நிறுத்தும் ஸ்டாண்டு வைத்தார். முன்பு விளைந்த நெல்லைவிட ஸ்கூட்டர் நன்றாக விளைந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு ஸ்டாண்டு இல்லையாதலால், நாளொன்றுக்கு ஐந்து ரூபாயில் தொடங்கியவர், பத்தாக்கி, பிறகு இருபதாக்கினார். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்குப் பேரம் பேச நேரமேது?

பிறகு ஏகநாதன் என்பவர் எதிர்ச்சாரியில் ஒரு ஸ்டாண்டு திறந்து, பத்து ரூபாய் என்று பலகை வைத்தார். தனக்கோடி பதறவில்லை. தம் நிலத்தின் நடுவே தகரத்தால் ஒரு வேலி அடித்தார். அப்புறத்துக்குத் தனி வாசல் வைத்து, தம் தங்கை மகள் பெயரில் 'சுஜி டூவீலர் பார்க்கிங்' என்று புதுப் பலகை மாட்டி, அங்கே எட்டு ரூபாய் வாங்கினார். இப்புறம் இருபது ரூபாய் இருபது ரூபாயாகவே இருந்தது. கூடுதலாகக் கொடுத்தால் வண்டி கூடுதல் பத்திரமாக இருக்கும் என்று நம்பியவர்கள் இப்புறமே விட்டார்கள். இரண்டு புறத்துக்கும் காவல் ஒரே ஆள்தான். அவர் முக்காலியில் ஏறி நின்று தகரத்துக்கு மேலாக இருபுறமும் பார்த்துக்கொண்டார்.

இந்தக் கதையைத் தனக்கோடி ஒவ்வொரு மாதமும் மாத்திரை வாங்க வரும்போது சிறிது சிறிதாகச் சொன்னார். அதனுடனே இன்னொன்றையும் ஒருநாள் தற்செயலாகச் சொல்லிவிட்டார்: மாத்திரையை அவர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விழுங்குகிறார்.

ஜெயஸ்ரீக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, இது சர்க்கரைக்கு மட்டும் இல்ல, உங்க இதயத்துக்கும் சேர்த்து. தினமும் போடணும்."

"பாதி வாங்குனா கம்பெனிக்காரனுக்குப் பாதி லாபம் கொறையும்ல? தானா எறங்கி வருவான்."

"நீங்க சண்டை போடறதே அவனுக்குத் தெரியாதேக்கா!"

"தெரியும், தெரியும். கல்லாவுல கொறைஞ்சா யாருக்கும் தெரியும்."

அவருக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் வில்பிரட்டிடம் ஜெயஸ்ரீ தொலைபேசியில் முறையிட்டாள். "இதயம் பலவீனமாக இருக்கிறது, மாத்திரையை இப்படி விட்டு விட்டுப் போட்டால் ஒருநாள் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். எப்படியாவது விழுங்க வையுங்கள்" என்றார் அவர். அன்றிலிருந்து தனக்கோடியின் இதயம் ஜெயஸ்ரீயின் கவலைகளுள் ஒன்றாயிற்று. கெஞ்சியும் மிரட்டியும் வாரத்துக்கு ஐந்து நாள் என்னும் அளவுக்கு அவரை இழுத்துவந்தாள்.

2025ஆம் ஆண்டு பங்குனியில் கம்பெனியின் உரிமை முடிந்தது. மறுநாளே புதிய கம்பெனிகளின் விற்பனையாளர்கள் பைகளோடு கடைவாசலில் வரிசை கட்டினார்கள். ஒரு மாத்திரை இருபத்தெட்டு ரூபாய் என்றார் ஒருவர். பத்தொன்பது என்றார் அடுத்தவர். பழைய கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. அதே மாத்திரையைப் பச்சைப் பெட்டியில் போட்டு, வேறு பெயர் சூட்டி, இருபத்திரண்டு ரூபாய்க்கு அனுப்பியது. பழைய நீலப் பெட்டியின் விலை அறுபத்திரண்டாகவே நின்றது.

ஜெயஸ்ரீ இரண்டு பெட்டிகளையும் காட்டியபோது தனக்கோடி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தகரம் அடிச்சிட்டான் பாரு! நம்ம வேலியேதான்!"

"சரிக்கா, பத்தொன்பது ரூபாய்ல ஒரு மாசத்துக்குத் தரவா?"

"வேணாம். இன்னும் எறங்கும்."

"அதுவரைக்கும்?"

"வுட்டுட்டேன். ஒண்ணும் போடறதில்ல. அடி ரேட்டுக்கு வரட்டும், அப்பால பாத்துக்கலாம். ஸ்டாண்டு சண்டையில நானே பாத்துகீறேன். மொத நாளு வண்டி வுட்டவன் ஏமாளி. ஒரு வாரம் பொறுத்து வந்தவனுக்கு எட்டு ரூபா."

அதற்குப் பிறகு அவர் நாள்தோறும் வந்தார். வாங்குவதற்காக அல்ல, விலை கேட்பதற்காக. பதினாறு. பதினான்கு. பதினொன்று. விலை இறங்க இறங்க அவருடைய கால் வீங்கிக்கொண்டே வந்தது. முதலில் செருப்பின் வாரைத் தளர்த்தினார். பிறகு மகன் முகிலனின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் நாள், கடையின் மூன்று படிகளை ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார்.

"இன்னிக்கு... எவ்ளோ?"

"ஒன்பது ரூபாய். அக்கா, உட்காருங்க முதல்ல. முகம் எல்லாம் வேர்த்திருக்கு."

"ஒம்போதா? ஆறுக்கு வரும்."

ஜெயஸ்ரீக்கு அழுகையும் ஆத்திரமும் ஒருங்கே வந்தன. இதயத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது இரண்டரை ஆண்டுகளாக அவள் கண்ட உண்மை. வேறு எதைப் பேசுவது என்று தேடியபோது, அத்தனை மாதங்களாகக் கேட்ட கதையில் ஒரு துண்டு மட்டும் தனக்குச் சொல்லப்படவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"அக்கா, அந்த எதிர் ஸ்டாண்டு ஏகநாதன் அண்ணன் கடைசியில என்ன ஆனாரு?"

"அவனா? எட்டு ரூபாய்க்குத் தாக்குப்பிடிக்க முடியல. ஒரே வருஷத்துல மூடிட்டுப் போயிட்டான்."

"அவர் போனப்புறம் உங்க ரேட்டு எவ்ளோ?"

தனக்கோடி சாலையில் போன தாம்பரம் பேருந்தை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்.

"சொல்லுங்கக்கா. எட்டு ரூபாய்லயே நின்னுதா?"

"தகரத்தப் பிரிச்சிட்டேன்" என்றார் தனக்கோடி, தாழ்ந்த குரலில்.

"ரேட்டு?"

"இருவத்தஞ்சு."

"இங்க பதினோரு கம்பெனி வந்திருக்கு. ஒன்பது ரூபாய்ல எல்லாரும் தாக்குப்பிடிப்பாங்களா?"

தனக்கோடியின் முகத்தில், உலகத்தில் தம்மைப் போன்றவர்கள் இன்னும் பலர் இருக்கக்கூடும் என்னும் பயம் முதன்முறையாகப் படர்ந்தது. மருந்துக் கம்பெனிக்காரன் எப்படிப்பட்டவன் என்பதை டாக்டர் வில்பிரட் அறியமாட்டார், ஜெயஸ்ரீயும் அறியமாட்டாள், அவர் அறிவார். சட்டென்று பணப்பையைத் திறந்தார்.

"அலமாரில எவ்ளோ கீது? அத்தனையும் எடு."

"அத்தனையும் தர முடியாதுக்கா. சீட்டுல மூணு மாசத்துக்குத்தான் எழுதியிருக்கு. அதைத் தரேன், ஆனா ஒரு நிபந்தனை. முதல் மாத்திரையை இங்கேயே, என் கண் முன்னாடி போடணும். போட்டதும் ஆட்டோ பிடிச்சு வில்பிரட் டாக்டர்கிட்ட நாம ரெண்டு பேரும் போறோம்."

"ஆட்டோ வேறயா? அவன் இன்னா கேப்பானோ!"

"அக்கா!"

"சரி, சரி, கத்தாத. நெஞ்சு பலவீனம்னு நீதான சொன்ன?"

ஜெயஸ்ரீ அட்டையைக் கிழித்து ஒரு மாத்திரையை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். தனக்கோடி அதை ஒன்பது ரூபாயாகவே எண்ணிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, குளிர்பதனப் பெட்டியில் விற்பனைக்கு அடுக்கியிருந்த தண்ணீர்ப் புட்டிகளையும் ஜெயஸ்ரீயையும் மாறி மாறி நோக்கிவிட்டு, அன்றைக்குக் கடைசியாக ஒன்று கேட்டார்.

"ஒரு தம்ளர் தண்ணி குடும்மா. பாட்டில் வேணாம், கொடத்துத் தண்ணியே போதும்."