ஞாயிறுவரை பூட்டிய கம்பளிகள்

துணி தேய்க்கப் பெட்டியைப் பிடித்து முப்பத்தோரு வருஷம். அத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பெட்டியக்கா ஒரு துணியைத் தேய்க்க மாட்டேன் என்றார். அதுவும் அவர் சேர்ந்த சர்ச்சின் துணியை.

ஆற்று வெள்ளம் புகுந்து மூன்றாவது நாள். கரையோரத்து இருபத்தாறு குடும்பங்கள் பள்ளிக்கூடத்தின் ஈரச் சிமெண்ட் தரையில் கிடந்தன. சர்ச்சில் கேட்டார்கள், ஜனங்கள் வாரிக் கொடுத்தார்கள். அறுபது புதுக் கம்பளிகள். அறுபதும் சர்ச்சின் உடுப்பு அறையில் பூட்டிக் கிடந்தன. பாடகர் குழுவின் அங்கிகளைத் தேய்த்து அடுக்குகிறவர் என்பதால் பெட்டியக்காவிடமும் ஒரு சாவி உண்டு.

வியாழக்கிழமை காலை கமிட்டிச் செயலாளர் பெட்டியக்காவின் தள்ளுவண்டிக்கே வந்துவிட்டார்.

"அக்கா, அறுபதையும் மடிப்பு கலையாம தேய்ச்சு நீல ரிப்பன் கட்டிடுங்க. ஞாயித்துக்கிழமை பேராயர் கையால கொடுக்கறோம்."

"இன்னிக்கு வியாழக்கிழமை சார்."

"அதான், மூணு நாள் டைம் இருக்கே."

"எனக்கு இருக்கு. தரையில கிடக்கறவங்களுக்கு?"

"எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு வேணும்ல? போட்டோக்காரருக்குச் சொல்லியாச்சு."

சூட்டுப் பெட்டியை நேராக வைத்தால் கம்பளி கருகும். ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் இந்த மழையில் காயாது. குளிருக்குப் போர்த்துகிற துணிக்கு மடிப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது?

"தேய்க்க மாட்டேன் சார்."

"சரி, ரிப்பனாவது கட்டுங்க" என்று போய்விட்டார்.

மத்தியானம் பெட்டியக்கா பள்ளிக்கூடத்துக்குப் போனார். மூன்றாம் வகுப்பறையில் மீன்காரி தன் கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள். தலைப்பும் ஈரம்.

"பிள்ளைக்கு என்னடி?"

"நேத்துலேர்ந்து நெஞ்சுச் சளிக்கா. ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்சுல கம்பளி தர்றாங்களாம். மூணு நாள்தானே, ஓட்டிடலாம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த 'தானே' சுருக்கென்று தைத்தது.

திரும்பிவந்து பெட்டியிலிருந்த கங்குகளைக் கொட்டி அணைத்தார். வண்டியைத் துடைத்தார். உடுப்பு அறையைத் திறந்தார். கம்பளிகளை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு நாலு நடை. நாலாவது நடை முடிந்தபோது செயலாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? சர்ச் சொத்து அது!"

"சர்ச் சொத்து அதோ இருமிக்கிட்டு உக்காந்திருக்கு."

"ஞாயித்துக்கிழமை பேராயர் வெறுங்கையோட நிப்பாரா? சரி, நடந்தது நடந்துபோச்சு. எல்லாத்தையும் திரும்ப வாங்கி வைங்க. ஞாயித்துக்கிழமை மறுபடி கொடுத்துக்கலாம்."

கொடுத்ததைப் பிடுங்கி மறுபடி கொடுப்பதா! மீன்காரி பயந்துபோய், பிள்ளைமேல் கிடந்த கம்பளியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்; பிள்ளை வீறிட்டது.

"மடிக்காதே!" பெட்டியக்கா போட்ட சத்தத்தில் குழந்தையே அழுகையை நிறுத்தியது. "போர்த்து பிள்ளைக்கு. சார், ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்க கிடக்கற ஆண்டவர் குளிர் தாங்குவார்னு உங்களுக்கு யார் சொன்னது?"

செயலாளர் சாவிக்குக் கை நீட்டினார். பெட்டியக்கா கொடுத்துவிட்டார். கம்பளி ஒன்றுகூடத் திரும்பவில்லை.

வரும் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கமிட்டி முன்னால் விளக்கம் சொல்ல வேண்டும் என்று பெட்டியக்காவுக்குக் கடிதம் வந்திருக்கிறது.