இரண்டு வெற்றிலைக் கட்டுகள்

தேர்தல் முடிவு வந்த அன்று கொழும்பு வெள்ளவத்தையில் வெடி கொளுத்தினார்கள். யுத்த காலத்தில் வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவதுதான் எங்கள் பழக்கம். நானும் மகனைத் தள்ளிவிட்டேன். பிறகு பெருந்தெருவான காலி வீதிப் பக்கம் விசிலும் கூத்தும் கேட்டபோதுதான், அட, இது கட்சிக்காரரின் வெடி என்று விளங்கியது. "ஆர் அம்மா வெண்டது?" என்று அவன் கட்டிலுக்குக் கீழே கிடந்தபடியே கேட்டான். "ஆர் வெண்டால் எங்களுக்கென்ன, உனக்குக் குளிசை வந்தால் சரி" என்றேன்.

மகனுக்குத் தலசீமியா என்ற பிறவி இரத்த வருத்தம். மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு இரும்பு உடம்பில் சேர்ந்து இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியே எடுக்க, வாரத்தில் முக்கால்வாசி நாள் படுக்கைக்குப் போகுமுன் வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசி குத்தி, ஒரு சின்னப் பம்பைப் பூட்டி, விடியும்வரை விடவேண்டும். குத்துகிறவள் நான்தான். "அம்மா, இந்தப் பக்கம் வேண்டாம், கட்டியாக் கிடக்கு" என்பான். மற்றப் பக்கமும் கட்டியாகத்தான் கிடக்கும். பெற்ற பிள்ளையின் வயிற்றில் குத்த இடம் தேடுகிறவளுக்கு எந்தக் கட்சி, எந்தக் கொடி?

எங்கள் பிள்ளைகளைப் பார்த்த டொக்டர் ஒருவர் ஓர் ஆராய்ச்சி தொடங்க ஆசைப்பட்டார். ஊசிக்குப் பதிலாக வாயால் விழுங்கும் குளிசை கொடுத்தால் எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. சில பரிசோதனைகளுக்கு இங்கே வசதி இல்லாதபடியால், பிள்ளைகளின் இரத்தத்தில் கொஞ்சம் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்குச் சுகாதார அமைச்சின் சம்மதம் வேண்டும். அதைக் கேட்டு நடந்தது இந்த வருத்தக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் அதில் இருந்தோம். பழைய அமைச்சர் தலையாட்டியிருந்தார். கையெழுத்து வைக்கவில்லை. அதற்குள் தேர்தல் வந்து ஆட்சியே மாறிவிட்டது.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக யார் அமைச்சரானாலும் அந்தக் கிழமையே எல்லோரும் ஒன்றாகப் போவோம். சிங்கள முறைப்படி மரியாதைக்கு ஒரு வெற்றிலைக் கட்டு, பிள்ளைகள் முன்னுக்கு, நாங்கள் பின்னுக்கு. ஒரே கட்சி நெடுங்காலம் ஆண்டபடியால் ஆட்கள்தான் மாறினார்கள், எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் வரவில்லை. சங்கத்தில் அரசியல் கதைப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமையின் லட்சணம் முடிவு வந்து மூன்றாம் நாள் தெரிந்தது.

கூட்டம் தலைவர் வீட்டு முன்ஹோலில். தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர், வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் வீடு. பேரனுக்கு இந்த வருத்தம். சமாதானம் கொண்டுவருவோம் என்று சொல்லி வென்ற கட்சிக்கு வாக்குப் போட்டவர். செயலாளர் கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். மகளுக்கு இதே வருத்தம். தோற்ற கட்சிக்குக் கடைச் சுவரைக் கொடுத்துப் போஸ்டர் ஒட்டுவித்தவர். இருவரும் தமிழர்தான், யாழ்ப்பாணத்தார்தான். அதனாலென்ன, அடித்துக்கொள்ள அது தடையா?

"இந்த முறை நானே வெற்றிலைக் கட்டைக் குடுக்கிறன். நாங்கள் உங்களுக்கு வேலை செய்த ஆக்கள் எண்டு சொன்னால் காரியம் கெதியில நடக்கும்" என்றார் தலைவர்.

"நாங்களோ? ஆர் நாங்கள்? நீங்கள் செய்திருப்பியள். சங்கத்தை ஏன் அவங்கட காலில கொண்டுபோய் விழுத்துறியள்?" என்றார் செயலாளர்.

"எண்பத்து மூண்டில எங்கட வீடுகள் எரியேக்க ஆற்ற ஆட்சி நடந்தது? மறந்து போச்சோ?" என்றார் தலைவர்.

"உங்கட ஆக்கள் மட்டும் பூமாலை போடவோ வாறாங்கள்? இருந்து பாருங்கோ, இன்னும் நாலு மாசத்தில ரவுண்ட்-அப்பிலை பிடிச்சு உங்களையும் ட்ரக்கில ஏத்துவாங்கள்."

அவ்வளவுதான். எரிந்த வீடு, செத்த ஆட்கள், யார் யாருக்குக் கூஜா தூக்கியது, எல்லாம் அந்த ஹோலுக்குள் வந்து இறங்கின. குளிசை என்ற சொல் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. மட்டக்குளியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு சிங்களத் தாய் என் பக்கத்தில் இருந்தாள். தமிழ் அவளுக்குக் கொஞ்சம் விளங்கும். "அக்கே, இவங்க மருந்து பத்தியா சண்டை?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

நான் எழும்பினேன். "ஐயா, அண்ணை, ரெண்டு பேரும் வெளியில போய் அடிபடுங்கோ. இல்லாட்டி என்ர பிள்ளைக்கு இண்டைக்கு நீங்கள் வந்து ஊசி குத்துங்கோ" என்று கத்தினேன். தலைவர், "பிள்ளை, உமக்கு இந்த அரசியல் விளங்காது" என்றார். செயலாளர் அதற்குத் தலையாட்டினார். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான். நாசமாய்ப் போவாங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்தேன்.

அடுத்த கிழமை தலைவரோடு சிலர் அமைச்சுக்குப் போனோம். நானும் மகனும், மட்டக்குளிப் பெண்ணும் அவள் பிள்ளையும். சோதனைச் சாவடியில் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, வெற்றிலைக் கட்டையும் அவிழ்த்துப் பார்த்துத்தான் விட்டார்கள். உள்ளே அமைச்சரின் உதவியாளர் இருந்தார். அவர் மேசை ஓரத்தில் இன்னொரு வெற்றிலைக் கட்டு வாடிக் கிடந்தது.

"நேற்றும் இதே சங்கம் வந்ததே, நீங்கள் யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

செயலாளர் தன் ஆட்களோடு முதல்நாளே வந்து போயிருக்கிறார். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. உடனே தன் நல்ல சிங்களத்தில் தொடங்கினார்: அவர்கள் பழைய கட்சியின் ஆட்கள், அவர்கள் பேச்சை எடுக்கவேண்டாம், உண்மையான சங்கம் நாங்கள்தான். அட மனுசா, குளிசையைக் கேள், குளிசையைக் கேள் என்று நான் பின்னுக்கு நின்று பல்லைக் கடித்தேன்.

உதவியாளர் சிரித்தார். "அவர்களும் உங்களைப் பற்றிச் சொன்னார்கள். பிள்ளைகளின் இரத்தத்தைக் குப்பிகளில் அடைத்துப் பெட்டியில் வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்க்கிறீர்களாம். அந்தப் பெட்டிக்குள் வேறு என்ன போகிறது, யாருக்குப் போகிறது என்று உங்களைக் கேட்கச் சொன்னார்கள்."

யுத்தம் செய்கிற இயக்கத்துக்குச் சாமான் போகிறது என்றல்லவா அதற்கு அர்த்தம்! தமிழர் ஒருவர் இன்னொரு தமிழரைப் பற்றி, அந்தக் காலத்தில், ஒரு அமைச்சுக்குள் இருந்து சொல்கிற சொல்லா அது? "இது இனிப் பாதுகாப்பு ஆட்கள் பார்க்க வேண்டிய விசயம், நாங்கள் அறிவிப்போம்" என்று சொல்லி உதவியாளர் எழும்பினார். எங்கள் வெற்றிலைக் கட்டை வாங்கி வாடிய கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். டொக்டரைப் பிறகு இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்றாம் தரத்துக்கு அவர் இருக்கவில்லை, வெளிநாடு போய்விட்டார். ஆராய்ச்சியும் அதோடு படுத்துவிட்டது.

நான் பொறுக்கவில்லை. டொக்டர் போன செய்தி கேட்ட அன்றே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். செயலாளர் கடையில் தராசு வைத்து ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்களும் ஒரு பிள்ளையைப் பெத்தனீங்கள்தானே? உங்கட பிள்ளைக்கும்தானே அந்தக் குளிசை? எந்த வாயால அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"மெதுவாக் கதை தங்கச்சி, கடையில ஆக்கள் நிக்கினம்" என்றார். "நான் குளிசையை நிப்பாட்டவே சொன்னனான்? அந்தத் தலைவர் மனுசன்ர மூக்கு உடைய வேணுமெண்டு ஒரு கோவத்தில சொல்லிப் போட்டன். இவ்வளவுக்குப் போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"கொழும்பில இருக்கிற தமிழனுக்குத் தெரியாதோ? சின்னப்பிள்ளைக்கும் தெரியும் அண்ணை!"

சத்தத்துக்கு அவர் மகள் கடைக்குப் பின்னால் இருந்த தங்கள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பதினைந்து வயது, பார்த்தால் பத்து மதிக்கலாம். ஊசி போட விடமாட்டேன் என்று அவள் அடம்பிடிக்கத் தொடங்கியிருந்ததைத் தாய் என்னிடம் ஏற்கெனவே சொல்லி அழுதிருந்தாள். குளிசை வரப்போகிறது, அதுவரைக்கும் பொறு என்றுதான் அவளைச் சமாளித்தார்களாம்.

"அன்ரி, குளிசை எப்ப தருவினமாம்?" என்று என்னைக் கேட்டாள்.

"அப்பாவைக் கேள், பிள்ளை" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தராசைப் பார்த்தார். ஆணியை எடுத்தாகிவிட்டது, தராசில் நிறுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. "அது குஞ்சு… இந்த அரசாங்கம் ஒருக்கா மாறட்டும். எங்கட ஆக்கள் வந்த உடனை முதல் வேலை அதுதான்" என்றார். கடவுளே, அப்போதும் அந்த மனுசனுக்குக் கட்சிதான் வாயில் வந்தது.

அவள் தகப்பனின் சொல்லை அப்படியே நம்பினாள். சுவரில் தொங்கிய கலண்டர் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த எலெக்சன் எப்ப அப்பா?"

அவர் தராசின் படிக்கல்லை எடுத்துத் துடைத்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.