சகலையின் சேனை

எங்கள் குழுவில் அவரைப் பல் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். உண்மையில் அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர். முகம்கூடத் தெரியாத யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லில் வயதுக்கேற்ற தேய்மானத்தையும் லேசான டீக் கறையையும் கொண்டுவந்து, கட்டின பல் என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்துவிடுவார். அதே கைதான் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்டிக் வீரர்களுக்கு வர்ணம் தீட்டியது.

இந்த விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீரர்கள் கட்டைவிரலில் பாதி உயரம்தான் இருப்பார்கள். அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முந்தைய கவசக்காரர்கள், வில்லாளிகள், ஈட்டி ஏந்திய குதிரைக்காரர்கள். கை, தலை, கேடயம் எல்லாம் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு பெட்டியில் வரும். நறுக்கி, பிசிறு சுரண்டி, ஒட்டி, வர்ணம் அடித்தால் ஒரு சேனை தயார். பிறகு பச்சைத் துணி விரித்த மேசையில் இரண்டு சேனைகளை எதிரெதிரே நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை. என் அச்சகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். இடம் என்னுடையது என்பதால் பஞ்சாயத்தும் என்னுடையது.

பல் டாக்டரிடம் பதினொரு வருட உழைப்பில் முந்நூற்றுச் சொச்சம் வீரர்கள் இருந்தார்கள். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்பார்கள். வெளிக் கண்ணாடியைத் துடைக்க மட்டும் அவர் மனைவிக்கு அனுமதி. புதிதாக யார் வந்தாலும் முதலில் அவருடைய சேனையைத்தான் காட்டுவேன். வந்தவர் ஒரு குதிரையைக் கையில் எடுத்து வாயடைத்து நிற்கும்போது, பல் டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பார். அந்த ஒரு நிமிடம்தான் அவருக்குச் சம்பளம்.

ஆட்டத்தில் மட்டும் தோற்றுக்கொண்டே இருப்பார். காரணம் எங்களுக்குத் தெரியும். நீலமும் பொன்னிறமுமாக அவர் இழைத்து இழைத்துத் தீட்டிய பன்னிரண்டு குதிரைக்காரர்களை முன்னால் அனுப்ப மனசு வராது. அவர்களைக் கடைசி வரிசையில் பத்திரமாக நிறுத்திவிட்டு, சுமாரான ஆட்களை வைத்துப் போராடுவார். தோற்றாலும் கவலைப்பட மாட்டார். ஜெயித்தவன்கூட அவர் வீரர்களைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்த நிம்மதி ஒரு பஞ்சரில் போயிற்று. ஒரு ஞாயிறு காலை அவர் ஸ்கூட்டர் டயர் பஞ்சராகிவிட, வீட்டுக்கு வந்திருந்த சகலை தன் கடை வேனில் அவரைக் கொண்டுவந்து இறக்கினார். மனைவியின் தங்கையைக் கட்டியவர். டைல்ஸும் வாஷ்பேசினும் விற்கிற கடை. பல் டாக்டரின் சேனைப் பெட்டியை மாடிவரை தூக்கி வந்தவரை உட்காரச் சொன்னேன். அன்று ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. என்னிடமிருந்த உபரிச் சேனையைக் கொடுத்துப் பத்து நிமிடத்தில் விதிகளைச் சொன்னேன். யார் வேகமாக ஓடுவார், யார் சீக்கிரம் சாவார், எத்தனை மணிக்கு முடியும் என்று மூன்றே கேள்வி கேட்டார். எல்லோரையும் மொத்தமாக முன்னால் தள்ளினார். ஜெயித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு சொந்தச் சேனையோடு வந்து நின்றார். ஒரே வாரத்தில், கடையில் உட்கார்ந்தபடி, வாஷ்பேசினுக்குப் பூசுகிற பசையால் ஒட்டியிருந்தார். வர்ணம் கிடையாது, வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். ஒரு வில்லாளிக்குத் தலை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. அதைக் காட்டியபோது, "பின்னாடி இருந்து யாராவது வந்தா அவன் பாத்துப்பான்" என்றார். மாடியே சிரித்தது. பல் டாக்டரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

மூன்று மாதத்தில் சகலை எங்களுக்கெல்லாம் வேண்டியவராகிவிட்டார். அவர் வந்தால்தான் கூட்டம் களை கட்டும். ஆட்டத்தில் பாதிக்கு மேல் ஜெயிப்பார், தோற்றால் அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். பல் டாக்டர் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது வேறு ஒன்று. புதிதாக வந்த ஒருவர் இவரைக் காட்டி யார் என்று கேட்டதற்கு, பக்கத்திலிருந்தவர் சாதாரணமாக, "இவரா, டைல்ஸ்காரரோட சகலை" என்றுவிட்டார். பதினொரு வருடம் ஒரு நொடியில் அடிபட்டுப் போயிற்று. அன்று முழுக்க அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். சகலை போன் செய்தால் அவர் மனைவி சிரிக்கும் சத்தம் வாசல்வரை கேட்குமாம். "நான் என்னைக்காவது அவளை அப்படிச் சிரிக்க வெச்சிருக்கேனான்னு யோசிச்சுப் பாத்தேன்" என்று பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னார். யோசித்ததற்கு என்ன விடை கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை.

வருடாந்தரப் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தபோது, ஒரு மதிய நேரத்தில் அச்சகத்துக்கு வந்தார். மெஷின் ஓடுகிற இரைச்சலில் என் காதருகே குனிந்து வெகுநேரம் பேசினார். சரித்திரத்துக்கு ஒரு மரியாதை வேண்டும் என்றார். நிறமில்லாத கேடயத்தை வைத்துக்கொண்டு போர்க்களத்தில் யார் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும் என்றார். சுற்றிச் சுற்றி விஷயத்துக்கு வந்தார். வர்ணம் தீட்டாத சேனைக்குப் போட்டியில் இடமில்லை என்று விதி போட வேண்டும். அவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சாம்பல் சேனை என் கண்ணையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. சரி என்றேன்.

ஞாயிறன்று அறிவித்தபோது பல் டாக்டர் சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடவில்லை. நல்ல விதிதான், பார்த்துப் பார்த்துத் தனக்கே அலுத்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே சகலை இரண்டு அட்டைப்பெட்டிகளோடு இவர் வீட்டுக்குப் போய்விட்டார். அக்காவும் தங்கையும் போனிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

"எனக்குப் பிரஷ் பிடிச்சா செவத்துக்கு அடிக்கிற மாதிரிதான் வரும் சகலை. நீங்க பண்ணிக் குடுத்தாத்தான் உண்டு."

பல் டாக்டர் நேரமில்லை என்று இழுத்தார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவருக்கு நேரத்துக்கென்ன பஞ்சம்? சாயங்காலம் பூரா அதைத்தானே பண்றாரு. நீங்க வெச்சுட்டுப் போங்க."

தொண்ணூற்றாறு வீரர்கள். ஏனோதானோவென்று அடித்துத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். முதல் நாள் பத்துப் பேருக்குப் பழுப்பு நிறத்தை அப்பினார். அப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவன் தலைக்கவசத்தில் பிசிறு அப்படியே இருந்தது. எழுந்து போய் அதைச் சுரண்டினார். சுரண்டியதும் அந்தப் பசை கண்ணில் பட்டது. அவ்வளவுதான். பல் செட்டுக்கு வைத்திருக்கும் நுண்ணிய கத்திகளை எடுத்து, ஒவ்வொருவனையும் பிரித்து, பசையை வழித்து, திரும்ப ஒட்டினார். வில்லாளியின் தலையை நேராகத் திருப்பி வைத்தார். ஒரு நாள் வீம்புக்குத் தளபதிக்கு மாறுகண் வைத்துப் பார்த்தார். காலையில் லேபுக்குக் கிளம்பும்போது அது ஞாபகம் வந்து, சட்டையைப் போட்டபடியே உட்கார்ந்து கண்ணைச் சரிசெய்தார். இருபது வருடத்தில் முதல் முறையாக அன்று வேலைக்குத் தாமதம்.

இதில் இன்னொரு வினை இருந்தது. அவருடைய சொந்த வீரர்களில் பாதிப் பேர் கை பழகாத காலத்தில் தீட்டியவர்கள். சகலையின் தொண்ணூற்றாறு பேருக்கும் கிடைத்தது பதினொரு வருடம் பழுத்த கை. சிவப்பும் வெள்ளியுமாக அவர்கள் மேசையில் வரிசை கட்டியபோது, அலமாரிக்குள் இருந்தவர்கள் சாயம்போன துணி மாதிரித் தெரிந்தார்கள். மனைவி தட்டு வைக்க வந்தவர் நின்று பார்த்து, உங்கள் ஆட்களைவிட இவர்கள் நன்றாக இருக்கிறார்களே என்று கள்ளமில்லாமல் சொல்லிவிட்டார்.

போட்டியன்று சீட்டுக் குலுக்கியதில் மூன்றாவது சுற்றில் சகலைகள் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். அக்காவும் தங்கையும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பதினொரு வருடத்தில் பல் டாக்டரின் மனைவி என் மாடிப்படி ஏறியது அன்றுதான். நாற்காலி இருந்த பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார். அது சகலையின் பக்கமாக அமைந்துவிட்டது.

சிவப்புச் சேனையைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. வந்தவரிடமெல்லாம் சகலை, இது என் சகலையின் கை, நான் வெறும் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். சொல்லச் சொல்ல இவர் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. டீ குடிக்க இறங்கியபோது என்னிடம், "அவன் மறைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டறதுக்காவது ஒரு காரணம் கெடச்சிருக்கும்" என்றார். சகலையை அவர் அவன் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆட்டம் தொடங்கியது. சகலை வழக்கம்போல எல்லோரையும் முன்னால் தள்ளினார். குதிரைக்காரர்களை ஈட்டி நுனியைப் பிடித்து மூன்று மூன்று பேராகத் தூக்கினார். அதில் ஒருவன் நழுவித் தரையில் விழுந்தான். ஈட்டி முறிந்துவிட்டது. பல் டாக்டர் குனிந்து இரண்டு துண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சகலை மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஏதோ சொன்னார். இவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையிலிருந்த தன் நீலக் குதிரைக்காரர்கள் பன்னிரண்டு பேரையும் ஒரே நகர்த்தலில் முன்னால் கொண்டுவந்தார்.

நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். செத்தவர்களை எடுத்துப் பெட்டி மூடியில் வீசினார், துடைத்துக்கூட வைக்கவில்லை. ஆனால் சாவதற்கு முன்னால் சிவப்புச் சேனையின் நடுப்பகுதியைப் பிளந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. பல் டாக்டர் ஜெயித்துவிட்டார்.

சகலை மேசையைச் சுற்றி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். என்ன அடி, என்ன அடி என்று மாடி முழுக்கச் சொல்லித் தீர்த்தார். கடைக்குப் போன் போட்டு வேலை செய்கிறவர்களிடமும் சொன்னார். ஜெயித்தவரைவிடத் தோற்றவர் முகத்தில்தான் சந்தோஷம் இருந்தது. எல்லோரும் சகலையின் முதுகைத்தான் தட்டினார்கள். தோற்பதைக்கூட அந்த மனுஷன் அவ்வளவு அழகாகச் செய்தார்.

அழகான சேனைக்கான சின்னக் கோப்பை, ஓட்டெடுப்பில் சிவப்புச் சேனைக்குப் போனது. சகலை அதை நேரே கொண்டுவந்து பல் டாக்டர் கையில் திணித்தார். இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். அவர் கையால் வாங்கப் பிடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் நடந்ததை அவரே சொன்னார். ஜெயித்தும் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டிருக்கிறார். கேட்ட கையோடு, "அவர் மேல உங்களுக்குப் பொறாமை" என்றாராம், உப்புக் குறைகிறது என்று சொல்வது போல.

"ஆமா."

"அவர்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

"எது போனாலும் அவருக்குப் பரவாயில்ல. எனக்கு அப்படி இருக்க முடியல."

"இந்த வருஷத்துல நாலு தடவை வீட்டுச் சாவியைத் தொலைச்சிருக்காரு. அப்பவும் பரவாயில்லன்னுதான் சொல்றாரு. பூட்டு ஒடைக்க ஆள் தேடி அலையறது என் தங்கச்சி. அவகிட்ட போய்ப் பொறாமைப்படறதைச் சொல்லுங்க, நல்லா வாங்கிக் கட்டிக்குவீங்க."

என்னிடம் அதைச் சொல்லும்போது பல் டாக்டருக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்ததால் பொறாமை போய்விடவில்லை.

சகலை வீட்டில் அந்தச் சேனை பிரிட்ஜ் மேல் ஒரு செருப்புப் பெட்டியில் கிடந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை பல் டாக்டர் பிரஷ்ஷும் வர்ணமுமாக அங்கே போய், உரிந்ததைத் தீட்டி, முறிந்ததை ஒட்டிவிட்டு வருவார். சகலைகளுக்குள் இப்படி ஒரு ஒட்டுதலை எங்கேயும் பார்த்ததில்லை என்று கொழுந்தியாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் மறுக்கவில்லை. நாளாக ஆக, தன் குதிரைக்காரர்களை முன்னால் நிறுத்தி ஆடவும் பழகிக்கொண்டார். பாதி ஆட்டம் ஜெயித்தார்.

ஒரு வருடம் போனது. சகலைக்கு இறகுப்பந்து ஆட்டத்தில் பித்துப் பிடித்தது. எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, வைத்துக்கொள்ளுங்கள் சகலை, உங்கள் ஆட்கள்தானே என்று கொடுத்துவிட்டுப் போனார். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடி அலமாரியில் அவர்களுக்கென்று ஒரு தட்டை ஒழித்து வைத்திருக்கிறார். ஆட்டத்துக்கு மட்டும் கொண்டுவருவதே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது அவரோடது. நான் வெச்சு ஆடினா, டைல்ஸ்காரர் சேனைன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றார்.

போன வாரம் மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, அந்த இறகுப்பந்து மைதானம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். அங்கே சகலையை ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களாம் என்றார். துணியின் ஓரத்தை நான்கு முறை நீவிவிட்டார்.