முதல் பாதி கோல் கணக்கில்லை

உலகக் கிண்ணத்துக்குப் போகிற ரீம் எங்களுக்கென்று ஒன்று இருக்கவில்லை. அதனால் முள்ளியவளையில் பாதிப்பேர் பிரேசிலை எடுத்துக்கொண்டோம். சும்மா எடுக்கவில்லை, உரித்தோடு எடுத்தோம். "எங்கட கோலி", "எங்கட பெக்", "எங்கட மனேச்சர் ஒரு விசரன்" என்றுதான் பேச்சு. நிஜமான பிரேசில்காரன் ஒருவன் அந்த வழியால் வந்திருந்தால், தன்னுடைய ஊர் இவ்வளவு தூரம் நீண்டு கிடக்கிறதா என்று யோசித்திருப்பான்.

அது பாதை திறந்த வருடம். சண்டை நின்று, வவுனியாவுக்குப் போய்வரலாம் என்றாகி, லொறிகளில் சாமான் வரத் தொடங்கியிருந்தது. பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். இது பந்துக் கதை, பந்தோடு நிற்கட்டும்.

லொறியில் வந்த சாமான்களில் ஒரு கறுப்பு வெள்ளை ரீவியும் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஒருவர். ஊரை விட்டுப் போக வேண்டிவந்து, பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து, சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை போட்டிருந்தார். நாங்கள் அவரை நானா என்போம். மாங்குளத்திலிருந்து முள்ளியவளைக்கு வருகிற றோட்டுக் குழிகளில் அந்த ரீவி தன்னுடைய சத்தத்தை எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டது. படம் மட்டும்தான். அதுவும் பற்றரியில், புள்ளி புள்ளியாக, மூலையில் தெரிகிற இலக்கங்கள் எறும்பு மொய்த்த சீனித்துண்டு போல. கரண்ட் இல்லாத ஊரில் அதற்கு மேல் ஆசைப்படவும் கூடாது.

சத்தமில்லாத ரீவியால் வந்த கேடு என்னவென்றால், எல்லோரும் வர்ணனையாளர் ஆனதுதான். அவர்களுக்குள் பெரிய வாய் என்னுடைய அத்தானுடையது.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்து நெல் விதைத்தவர். ஊர்க் கழகத்துக்கு அவர்தான் மனேச்சர். உதைபந்து பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவருடைய எண்ணம். கடை மேசையில் தேத்தண்ணிக் கிளாசுகளை எடுத்துப் பின்னுக்கு மூன்றாக வைப்பார். பிரேசிலின் மனேச்சர் அந்த வருடம் அப்படித்தான் மூன்று பேரைப் பின்னுக்கு நிறுத்தியிருந்தான்.

"பிரேசில் எண்டா ஆடவேணும். இவன் வயல் காவலுக்கு ஆள் வைக்கிற மாதிரிப் பின்னுக்கு மூண்டு பேரை நட்டு வைச்சிருக்கிறான். ஊரே கேட்ட பழைய கெட்டிக்காரனை வீட்டில விட்டிட்டு, முழங்கால் போனவனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இவனெல்லாம் ஒரு மனேச்சரோ?"

முழங்கால் போனவன் என்ற சொல் வந்ததும் எனக்குத் தலைக்கேறிவிடும். பிரேசிலின் முன்வரிசைக்காரனுக்கு முழங்காலில் வெட்டிக் கொத்தி, இனி ஆடமாட்டான் என்று உலகமே சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கடையில் முழங்கால் போனவன் நானும் ஒருவன். போன வருடம் ஒரு ஆட்டத்தில் திரும்பி விழுந்து, மாதக்கணக்கில் பத்துப் போட்டுப் படுத்துக் கிடந்தேன். அதற்கு முன் எங்கள் கழகத்துக்கு முன்னுக்கு நின்று கோல் அடித்தவன் நான்தான். இப்போது சைக்கிள் மிதிக்கிறேன், வரம்பில் ஓடுகிறேன், நெல்மூட்டை தூக்குகிறேன். அத்தான் மட்டும் என்னை மைதானத்துக்குள் விடமாட்டார். ஒவ்வொரு ஞாயிறும் கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதைப் போல வெட்கக்கேடு வேறில்லை. இருபத்தாறு வயதில் என்னைப் பழைய ஆட்டக்காரன் என்றார்கள்.

ஆகவே நான் அந்த மனேச்சரின் கட்சி. கடை முழுக்க ஒருபக்கம், நான் ஒருபக்கம்.

"அவன் ஆளை நம்பிறான். நம்பத் தெரிஞ்சவன்தான் மனேச்சர்" என்றேன், அரையிறுதி முடிந்த அடுத்த நாள்.

அத்தானுக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்தது.

"நம்பி? போன ஆட்டத்தில இடைவேளை முடிஞ்ச கையோட ஒண்டு அடிச்சான். பிறகு நிண்டவனே? ஆளை வெளியில எடுத்தாச்சு. ஏன்? முழங்கால்! முதல் பாதியில எந்த நொண்டியும் அடிப்பான். ரெண்டாம் பாதி நடுவில, எல்லாரும் களைச்ச நேரத்தில ஒரு கோல் அடிக்கட்டும் பாப்பம்."

"அடிச்சா?"

"அடிச்சா வாற ஞாயிறு முல்லைத்தீவோடை உன்னை இறக்கிறன். அடிக்காட்டி நீ இனி இந்தக் கதையே எடுக்கக்கூடாது. ஆயுசுக்கும்."

"நானா, நீங்கள் சாட்சி" என்றேன்.

நானா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவர் ஆர்ஜென்ரீனா. அது முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியதிலிருந்து அவர் ரீவியின் பக்கம் திரும்புவதில்லை. "எனக்கு உலகக் கிண்ணம் முடிஞ்சு போச்சு தம்பி. சாட்சிக்கு வேணுமெண்டா நிக்கிறன்" என்றார்.

அதன்பின் அத்தானோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அதுவரை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கணக்குப் பார்த்துச் சொன்னவன் நான். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி முன்னுக்குத் தள்ளியிருந்தது. அரசாங்கத்தின் கைக்குள் இல்லாத எங்கள் வன்னியில் நாங்கள் தள்ளவில்லை. ஒரே தீவில் இரண்டு நேரம்: அங்கே புது நேரம், இங்கே பழைய நேரம். வவுனியாவுக்குப் போகிறவர்கள் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை எடுக்கும்போதே மணிக்கூட்டையும் திருப்பிக்கொள்வார்கள். இங்கே நாலரை என்றால் அங்கே ஐந்து.

அந்தக் கிழமை அத்தான் உழவு இயந்திரத்துக்குச் சாமான் வாங்க வவுனியா போனார். வரும்போது பேப்பர் கொண்டுவந்தார். இறுதியாட்டம் ஐந்து மணி என்று போட்டிருந்தது. கடையில் வைத்து எல்லோருக்கும் விளங்கப்படுத்தினாராம். "அது புது நேரம். நாங்கள் அரை மணித்தியாலம் பின்னுக்கு நிக்கிறம். பின்னுக்கு நிக்கிறவனுக்கு எல்லாம் பிந்தித்தானே நடக்கும்? அப்ப அஞ்சரைக்கு." ஆட்களைப் பின்னுக்கு நிறுத்துவதில் கரைகண்டவர் சொன்னால் யார் மறுப்பது? ஓமென்று தலையாட்டினார்கள். எனக்கும் ஐந்தரை என்றே சேதி வந்தது. கோபத்தில் நான் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

ஞாயிறு ஐந்தரைக்குக் கடை நிறைந்து றோட்டு வரைக்கும் சனம். புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பற்றரியை வீணாக்கக்கூடாது என்று சரியான நேரத்துக்குத்தான் ரீவியைப் போட்டார்கள். இரண்டு அணியும் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தன.

"தேசிய கீதம் போடேல்லையே?" என்றது ஒரு குரல்.

"சத்தமில்லாத ரீவியில கீதம் எப்பிடியடா கேக்கும்?" என்றார் அத்தான். சனம் சிரித்தது.

கறுப்பு வெள்ளையில் பிரேசிலின் மஞ்சள் அழுக்கு வெள்ளையாகவும், ஜேர்மனியின் வெள்ளை தோய்த்த வெள்ளையாகவும் தெரிந்தன. அழுக்கு வெள்ளைதான் நாங்கள். முழங்கால்காரனை மட்டும் எனக்கு எந்தப் புள்ளிக்குள்ளும் அடையாளம் தெரியும். அவன் ஓடும்போது என் வலது முழங்கால் தன்பாட்டில் இறுகும்.

கொஞ்ச நேரம் போக, அவன் பறிகொடுத்த பந்தை அவனே மறித்து எடுத்து எங்கள் ஆள் ஒருவனுக்குக் கொடுத்தான். அந்த ஆள் அடித்தான், ஜேர்மனியின் கோலி பிடித்த பந்தை நழுவவிட்டான். முழங்கால்காரன் பாய்ந்து போய்த் தட்டினான். கோல்! கடைக் கூரையிலிருந்து கிடுகுத் தூசி கொட்டியது. நான் யாரையோ கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன்.

அத்தான் எழும்பவில்லை. "முதல் பாதி" என்று விரலைத் தூக்கினார். "முதல் பாதி கோல் கணக்கில்லை."

அவரும் பிரேசில்தான். தன்னுடைய ரீம் கோல் அடித்ததற்குக் கைதட்ட முடியாத நிலைமையைத் தானே தேடிக்கொண்டார். எனக்கு அதில் ஒரு சந்தோசம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

இரண்டாவது கோல் அதைவிட அழகு. பக்கத்திலிருந்து வந்த பந்தை எங்கள் ஆள் ஒருவன் தொடுவது போல வந்து, தொடாமல் காலுக்கு நடுவால் விட்டான். பின்னால் வந்த முழங்கால்காரன் நிறுத்தி, குறிபார்த்து, மூலைக்குள் வைத்தான். இந்தமுறை அத்தானின் பிட்டம் கதிரையை விட்டு எழும்பியதை நான் கண்டேன். அரைவாசியில் நினைவு வந்து இருந்துகொண்டார்.

"இதுவும் முதல் பாதி" என்றார். குரலில் பலம் இல்லை.

பிறகுதான் என் தலையில் இடி விழுந்தது. முதல் பாதி முடிகிற நேரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஆளை மாற்றுகிற பலகையைத் தூக்கினார்கள். கோட்டுப் பக்கம் நடந்து வந்தவன் அவன். முழங்கால்காரன். மனேச்சர் அவனைக் கட்டிப்பிடித்தான். இன்னொருவன் உள்ளே ஓடினான்.

"பாத்தியோ!" அத்தான் குதித்தேவிட்டார். "இடைவேளை வரைக்கும்கூடத் தாங்கேல்லை! நான் சொன்னனான்! முழங்கால் முழங்கால்தான் மச்சான், அதோடை ஒருத்தரும் சண்டை பிடிக்கேலாது!"

இரண்டு கோல் முன்னுக்கு நிற்கிற ரீமின் ஆள் நான். அழுகை வந்தது. இனி இரண்டாம் பாதி இருந்தென்ன, இல்லாமல் போயென்ன? அவன் வெளியே. நானும் வெளியே, ஆயுசுக்கும். எழும்பிப் போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன். சனத்துக்குள் ஒரு செருப்புத்தான் அகப்பட்டது.

மத்தியஸ்தர் விசிலை வாயில் வைப்பது தெரிந்தது. அத்தான் தேத்தண்ணிக்குச் சொன்னார். "பதினைஞ்சு நிமிசம் கிடக்கு. ரீவிய நிப்பாட்டுங்கோ, பற்றரி போயிடும்."

"பொறுங்கோ. அவங்கள் ஏன் அழுகிறாங்கள்?" என்றான் முன்னால் இருந்தவன்.

பார்த்தோம். அழுக்கு வெள்ளைகள் முழந்தாளில் இருந்து அழுதார்கள். ஒருவன்மேல் ஒருவன் விழுந்தார்கள். ஜேர்மனியின் கோலி கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தனியே இருந்தான்.

"இடைவேளைக்கு இவ்வளவு கூத்து ஆடினா ரெண்டாம் பாதிக்கு மூச்சு எங்க இருக்கும்?" என்றார் அத்தான். "இதைத்தான் சொல்லுறன், மனேச்சருக்கு ஆக்களைக் கட்டுப்படுத்தத் தெரியாது."

அதற்குள் மைதானத்தில் மேடை போட்டார்கள். மேலேயிருந்து கடதாசி கொட்டியது. கிண்ணம் வந்தது. பிரேசிலின் தலைவன் அதைத் தலைக்கு மேலே தூக்கினான். இடைவேளையில் கிண்ணம் கொடுக்கிற வழக்கம் உலகத்தில் எங்கும் இல்லை என்பது எல்லோருக்கும் ஒரேநேரத்தில் விளங்கத் தொடங்கியது.

நானா கைதுடைத்துக்கொண்டு வந்தார். "பேப்பரில எத்தனை மணி போட்டுக் கிடந்தது?"

"அஞ்சு" என்றார் அத்தான். "புது நேரம்."

"புது நேரம் அஞ்செண்டா எங்களுக்கு நாலரையெல்லோ? நீங்கள் போட்டது அஞ்சரைக்கு, ஒரு மணித்தியாலம் பிந்தி." நானா கிளாஸ் ஒன்றை மேசையில் வைத்தார். "நீங்கள் பாத்தது முழுக்க ரெண்டாம் பாதி."

பிறகு என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது. இரண்டு கோலும் இரண்டாம் பாதி! நடுவில், எல்லோரும் களைத்த நேரத்தில்! கடைசி நிமிடம் வரை அந்த முழங்காலில் நின்றுவிட்டுத்தான் அவன் வெளியே வந்திருக்கிறான், ஊரே எழுந்து கைதட்டட்டும் என்று. ஒற்றைச் செருப்போடு மேசையில் ஏறினேன். சனம் என்னைத் தூக்கிக்கொண்டு சந்தி முழுக்கச் சுற்றியது. பிரேசில் வென்றதற்குப் பாதி, அத்தான் தோற்றதற்குப் பாதி. வழியில் வந்த பேருந்தை மறித்து, இறங்கியவர்களுக்கும் நானா தேத்தண்ணி கொடுத்தார்.

திரும்பி வந்தபோது அத்தான் அதே கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். மூன்று நாளைக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார்.

"எனக்கும் உன்னை உள்ளுக்கு இறக்க விருப்பம்தான். அண்டைக்கு நீ விழுந்த சத்தம் கோட்டுக்கு வெளியில நிண்ட எனக்குக் கேட்டது. அதுக்குப் பிறகு நான் ஒருத்தன்ரை காலையும் நேராப் பாக்கேல்லை."

அவர் என்னை ஒதுக்குகிறார் என்றுதான் ஒரு வருடமாக நினைத்திருந்தேன். அவர் பயந்திருக்கிறார்.

சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த ஞாயிறு முல்லைத்தீவுக் கடற்கரைக் கழகத்தோடு ஆட்டம். வலை இழுத்து உரமேறிய ஆட்கள், இடித்தால் சுவர் இடித்தது போல. இடைவேளைக்குப் பிறகு என்னை உள்ளே விட்டார். விடும்போது தோளைப் பிடித்தார். முதல் பந்திலேயே ஒருவன் மறித்தான், விழுந்தேன். அத்தான் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடிவருவது தெரிந்தது. முழங்காலை மடக்கினேன், நீட்டினேன். அது என்னுடைய முழங்கால்தான். எழுந்து, "வெளியில போங்கோ அத்தான், ஆட்டம் நடக்குது" என்று கத்தினேன். மத்தியஸ்தரும் அதையேதான் சொன்னார்.

கோல் அழகானது இல்லை. மூலையிலிருந்து வந்த பந்து, நாலைந்து கால்களுக்குள் சிக்கி, என் வலது காலுக்கு வந்தது. அடித்தேன். வலை இல்லாத கோல் கம்பம் என்பதால் பந்து பனங்காணி வரைக்கும் போனது. நான் அதைப் பார்க்கவில்லை. அத்தானைத்தான் பார்த்தேன். கண்ணீர் ஓட ஓட, கோட்டு நெடுக ஓடி, முல்லைத்தீவு ஆட்கள் நின்ற பக்கம் வரைக்கும் போய், அறிந்தவன் அறியாதவன் எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"என்ரை மச்சான்! நான்தான் இறக்கினனான்! நான்தான் இறக்கினனான்!"