எட்டு மணி மெஷின் சத்தம்

ஆரப்பாளையத்தில் எங்கள் மாடிக்கு நேர் கீழே ஒரு தையல்காரர் கடை வைத்திருந்தார். ஒல்லியான மனிதர். இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றவே மாட்டார்.

அப்போது நான் சேலைத் தொட்டிலை அவிழ்த்துவிட்டு, என் எட்டு மாதக் குழந்தையைத் தடுப்பு வைத்த கட்டிலில் தானாகத் தூங்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தால் கொஞ்சம் அழுவாள், பிறகு தூங்கிவிடுவாள். என் சாமர்த்தியம் என்று மாடிப்படியில் நின்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். ராத்திரி அந்த நேரத்தில் கீழிருந்து வரும் தையல் மெஷின் சத்தம்தான் எரிச்சலாக இருந்தது.

"அண்ணே, எட்டு மணிக்கு மேல ஓட்டாதீங்க. பாப்பா முழிச்சுக்கிருவா."

"சரிம்மா" என்று அப்போதே மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

அதன்பின் மூன்று நாள் குழந்தை தூங்காமல் கத்தித் தீர்த்தாள். நான்காம் நாள் கீழே போய், மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டேன்.

"அதுக்கென்னம்மா. எனக்கு ஏழு மணிக்கே வேலை முடிஞ்சிரும். பாப்பா அழுகுறது கேட்டுச்சுன்னா சும்மா உக்காந்து ஓட்டுவேன்."

மெஷினில் துணி இல்லை. ஊசியில் நூல்கூட இல்லை.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லண்ணே?"

"நீங்க அம்புட்டு சந்தோசமாச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். எப்படித் தனியாகத் தூங்கப் பழக்கினாய் என்று தோழிகள் கேட்டால், இன்னமும் என் சாமர்த்தியத்தைத்தான் சொல்கிறேன்.