டாங்கி இருந்த பக்கம்

போன ஞாயிறு வாகட் பகுதியில் எடைக்குப் புத்தகம் விற்கும் கடையில், போர் நாவல் ரசிகர்களுக்கான அந்தத் துணைக் கையேட்டைப் பிரித்ததும் மக்கிய காகிதத்தின் வாசனை அடித்தது. என் கை தானாகவே டாங்கிப் படம் இருக்கும் பக்கத்தைத் தேடியது.

நான் பள்ளியில் படித்த காலத்தில், கிர்க்கியில் எங்கள் வீட்டுக்கு எதிரே, இப்போது மொபைல் கடை இருக்கும் இடத்தில், மராத்திக்காரக் காகா ஒருவர் வாடகை நூலகம் வைத்திருந்தார். எந்த நாவலுக்கு அடுத்தது எது, எந்தத் தளபதி எதில் சாகிறான், எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்றெல்லாம் சொல்லும் அந்தக் கையேட்டை மட்டும் வாடகைக்கு விடாமல் மேஜையோடு சணல் கயிற்றால் கட்டி வைத்திருப்பார். ராணுவத்தில் ஓய்வுபெற்ற எங்கள் மாடிவீட்டு சுபேதார் மாமா, தினமும் மாலை நின்றபடியே அதைப் படித்து, தப்பு கண்ட இடத்தில் பென்சிலால் திருத்துவார்.

பள்ளிக் கண்காட்சிக்காக டாங்கிப் படத்தை பிளேடால் அறுத்தெடுத்தது நான்தான். கிறுக்குகிறவர்தான் கிழித்திருப்பார் என்று காகா முடிவுகட்டி, “பஸ் சாப், அப் ஹாத் மத் லகானா”, போதும், இனி இதில் கை வைக்காதீர்கள் என்று எல்லோர் முன்னாலும் மாமாவின் கையிலிருந்து கையேட்டைப் பிடுங்கினார். நான் காமிக்ஸை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்காட்சிக்கு மாமாவும் வந்தார். அட்டையில் ஒட்டியிருந்த படத்தின் ஓரத்தில் அவருடைய பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“டாங்கிக்குள்ள, அச்சுல போட்டிருக்கிற மாதிரி மூணு பேர் இல்லம்மா, நாலு பேர். யாராவது கேட்டா சரியாச் சொல்லு.”

யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.