மகளின் விரலில் வெள்ளிப் பெயிண்ட்

இன்று காலை சாத்தூர் பஸ்ஸில், பத்து வயது மகளை அவளுடைய ஒரே தோழியைப் பார்க்கக் கூட்டிப் போனேன். இருவருமே பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிப்பவர்கள். சேர்ந்து ஒரு நாடகம் போடுகிறார்கள்.

பக்கத்தில் இருந்த அக்கா பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவர். மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரலெல்லாம் வெள்ளி நிறம், பட்டாசு மருந்து ஒட்டியதைப் போல.

"எந்தக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போறீக?"

"மருந்து இல்லக்கா, பெயிண்ட்டு. நாடகத்துக்குக் கிரீடம் செஞ்சா."

"இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?"

"வீட்டுலயே படிக்கா."

அக்கா மகளிடம் திரும்பினார். "நீ சொல்லு தாயி, எங்க போற?"

"ஃப்ரெண்டப் பாக்க."

"யாராச்சும் கேட்டா சேக்காளியப் பாக்கப் போறேன்னு சொல்லுன்னுதான் எனக்கும் கம்பெனியில சொல்லிக் குடுத்தாக. இவ வயசுதான் அப்ப."

எனக்குக் கோபம் வந்தது.

சாத்தூரில் அக்காவும் எங்கள் பின்னாலேயே இறங்கி நின்றார். தோழி தன் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். அக்கா அவள் கையையும் பிடித்துத் திருப்பினார்.

அதிலும் வெள்ளி. நாடகத்தில் இரண்டு ராஜாக்கள்.

"ரெண்டு பேரா," என்றார். எங்கள் எல்லோரையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதுவரை அதிகாரிகள் யாரும் விசாரிக்க வரவில்லை. வந்தால் விடுவதாக இல்லை, உட்காரவைத்து நாடகத்தைக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். பார்க்க இன்னும் ஒருவர்கூடச் சேரவில்லை.

நீங்கள் யாராவது வருகிறீர்களா? சந்தேகத்தோடு வந்தாலும் பரவாயில்லை.